பிறம்ரனிலிருந்து வந்த மா

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணி பதினேழு நிமிடம். குசினி மேசையில் கிடந்த என் மனைவியின் கைபேசி வெளிச்சமானபோது முதலில் தெரிந்தது ஒரு படம். பாதி வெட்டிய கேக், ஊதி அணைத்த ஆறு மெழுகுதிரிகள், கேக் வந்த பெட்டியின் மூடி. மூடியில் நாங்கள் ஒட்டிய வெள்ளை லேபிளை யாரோ விரலால் சுட்டிக்காட்டியிருந்தார்கள். நகத்தில் ஐசிங் ஒட்டியிருந்தது. படத்துக்குக் கீழே ஒரு வரி: "அக்கா, இதுக்குள்ள கஜு ஏதும் போட்டனீங்களா? உடன சொல்லுங்கோ."

கஜு என்று நாங்கள் சொல்வது முந்திரிப்பருப்பை.

மனைவி சிங்கில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். கை முழுக்க நுரை. நான் வாசித்துக் காட்டினேன்.

"இல்லையெண்டு போடுங்கோ," என்றாள். "லேபிளில இருக்குத்தானே."

நான் 'இல்லை' என்று எழுதி அனுப்பினேன். அந்தச் சொல்லை அனுப்பியது என் விரல் என்பதை இங்கே பதிந்துவிட வேண்டும்.

ஒரு நிமிடம் ஆகவில்லை, அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டு மனைவியிடம் நீட்டினேன். கனடாவில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட, வோபர்னில் இருக்கும் ஓர் இளம் தாய். தன் மகளின் ஆறாவது பிறந்தநாளுக்கு எங்களிடம் கேக் வாங்கியவர். பிள்ளைக்கு உதடு வீங்கிவிட்டது, மூச்சு இழுக்கிறது, தொடையில் ஊசி குத்தியாகிவிட்டது, அம்புலன்ஸ்காரர் வாசலில் நிற்கிறார்கள், பிள்ளை என்ன சாப்பிட்டது என்று கேட்கிறார்கள். இவ்வளவையும் அவர் மூச்சு விடாமல் சொன்னார். பின்னால் யாரோ ஆங்கிலத்தில் வீட்டு இலக்கத்தை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"உண்மையா ஒண்டும் போடேல்லையா அக்கா?"

"ஒண்டுமில்லை தங்கச்சி. பட்டர், சீனி, முட்டை, பால், மா. அவ்வளவுதான்."

'மா' என்ற சொல்லுக்குப் பிறகு மனைவி நின்றாள். அரைச் செக்கன் இருக்கும். அழைப்பு முடிந்ததும் கையைக்கூடத் துடைக்காமல், முக்கால் மணித்தியாலத் தூரத்தில் பிறம்ரனில் இருக்கும் தன் அக்காவை அழைத்தாள். ஈரக் கை என்பதால் அதையும் ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"அக்கா, மாவுக்குள்ள என்ன போடுறனீங்கள்?"

"என்னடி கேள்வி உது? மாவுக்குள்ள மாதான்."

"வேற?"

"பேக்கிங் பவுடர். ஒரு சொட்டு உப்பு."

"வேற?"

"கஜு."

உப்பைச் சொன்ன அதே குரலில்தான் அக்கா அதையும் சொன்னா.

"கஜுவோ? எப்பயிருந்து?"

"எப்பயிருந்தோ? அம்மா போட்ட நாளிலயிருந்து. வறுத்து, அரைச்சு, மாவோட சேத்து மூண்டுதரம் அரிக்கிறது. இல்லாட்டி உன்ர கேக் அடுத்த நாள் காஞ்செல்லோ போகும். ஏன், என்ன நடந்தது?"

மனைவி அழைப்பை வெட்டினாள்.

இது எப்படி நடக்கும், ஒரே வீட்டில் வளர்ந்த இரண்டு சகோதரிகளில் ஒருத்திக்கு அந்தக் கேக்கில் கஜு இருப்பது எப்படித் தெரியாமல் இருக்கும் என்று பிறகு பலர் என்னிடம் கேட்டார்கள். சுகாதாரப் பகுதியிலிருந்து வந்த அதிகாரியும் கேட்டார். எல்லோருக்கும் நான் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன்.

என் மாமனார் இலங்கையின் தெற்கே காலி நகரில் தபால் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர். மாமி அங்கேதான் பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்ணிடம் பட்டர் கேக் பழகினா. இனக்கலவரம் வந்து யாழ்ப்பாணத்துக்கு ஓடி வந்தபோது கேக்கும் கூட வந்தது. ஊரில் அதைக் 'காலிக் கேக்' என்றார்கள். யாழ்ப்பாணத்து வீட்டில் குசினி ஒடுக்கம். இரண்டு பேர் ஒரே மேசையில் வேலை செய்ய முடியாது. ஆகவே மூத்தவள் பின் விறாந்தையில் பேப்பர் விரித்து அரிதட்டோடு மா வேலை பார்த்தாள். இளையவளுக்குக் கைப்பலம் இருந்ததால் உள்ளே பட்டரும் சீனியும் அடித்தாள், முட்டை ஊற்றினாள். யாரும் அப்படித் திட்டமிடவில்லை. ஒருத்தியின் பாதியை மற்றவள் செய்ததே இல்லை. அவ்வளவுதான்.

கனடாவுக்கு வந்த பிறகும் அது மாறவில்லை. மார்கழி பிறந்ததும் அக்கா பிறம்ரனில் மாவைக் கலந்து பழைய ஐஸ்கிறீம் பெட்டிகளில் நிரப்பித் தருவா. என் மனைவி ஸ்காபரோவில் கேக் அடிப்பாள். அயலவர்களுக்கு, பிள்ளைகளின் ஆசிரியர்களுக்கு, என் வேலைத்தலத்துக்கு என்று பங்கு போகும். பெட்டிகள் கழுவித் திரும்பிப் போகும். முப்பது வருடத்துக்குக் கிட்ட இப்படி நடந்தது. அந்த மாவில் என்ன இருக்கிறது என்று என் மனைவி ஒரு நாளும் கேட்கவில்லை. அக்காவும், நீ பட்டரை எவ்வளவு நேரம் அடிக்கிறாய் என்று கேட்டதில்லை. இன்னொருத்தியின் கைவேலைக்குள் மூக்கை நுழைப்பது அந்த வீட்டில் மரியாதைக்குறைவு.

கார் உதிரிப்பாகங்கள் பொதி செய்யும் தொழிற்சாலையில் மனைவி பன்னிரண்டு வருடம் வேலை செய்தாள். அது மூடப்பட்டபோது அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. ஏழு மாதம் வேலை தேடினாள். ஒரு பிறந்தநாள் வீட்டில் கேக்கைச் சாப்பிட்ட ஒரு பெண் "அன்ரி, இதை வித்தால் நான் வாங்குவன்" என்றாள். முதல் ஓடர் அதுதான். ஒரு வருடத்துக்குள் கிழமைக்கு முப்பது கேக் போனது. சுகாதாரப் பகுதியில் பதிந்தோம். பெட்டி அச்சடித்தோம். பெட்டியில் 'காலி பட்டர் கேக்' என்றும் மனைவியின் கைபேசி இலக்கமும் இருந்தன. தமிழ்நாட்டிலிருந்து வந்த ஐடி பிள்ளைகள் கதவடியில் நின்று பகிடி விடுவார்கள்: "என்ன ஆன்ட்டி, காலின்னு போட்டிருக்கீங்க, உள்ள ஏதாச்சும் இருக்கா?" அவளும் சளைக்காமல் சொல்லுவாள்: "திறந்து பாரும் தம்பி. இல்லாட்டிக் காசைத் தாறன்."

அக்கா வெள்ளிக்கிழமைதோறும் மா அனுப்பினா. முதல் தடவை, லேபிள் ஒட்டாத பெட்டியைக் காட்டியபோது அதைக் கையில் எடுத்து நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்தா. அடியையும் பார்த்தா. "வடிவாயிருக்கு," என்று சொல்லித் திருப்பி வைத்தா.

லேபிள் எழுதியது நான். கொழும்பில் ஒரு பத்திரிகையில் பதினொரு வருடம் செய்தி திருத்தியவன். எழுத்துப் பிழை பார்ப்பதற்காக அந்த நாலு வரியை மூன்று தடவை வாசித்தேன். வாங்குபவர்களில் சில தாய்மார் கேட்டுக்கொண்டே இருந்ததால், கடைசியில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது: 'கஜு, கச்சான் (நிலக்கடலை), பாதாம் சேர்க்கப்படவில்லை.' எழுத முதல் மனைவியிடம் கேட்டேன்.

"மாவைப் பற்றி அக்காவிட்டைக் கேட்டனீரா?"

"மாவில என்ன கேக்கிறது? உதைப் போய்க் கேட்டால் கோவிச்சுக்கொள்ளுவா. என்ர மாவில சந்தேகமோ எண்டு."

அது எனக்கு நியாயமாகப் பட்டது. பத்திரிகையில் ஒரு செய்தியை ஒருவர் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி அச்சுக்கு அனுப்பியிருந்தால் என்னை வேலையை விட்டு நிறுத்தியிருப்பார்கள். குடும்பம் என்றபடியால் அனுப்பினேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பி வருகிறேன். அக்காவின் அழைப்பை வெட்டிய பிறகு மனைவி வோபர்னுக்கு எடுத்தாள். யாரும் எடுக்கவில்லை. மறுபடி எடுத்தாள். பிறகு வட்ஸ்அப்பில் மைக் பொத்தானை அழுத்திப் பேசினாள். இருபத்திரண்டு செக்கன்.

"தங்கச்சி, மாவுக்குள்ள கஜு இருந்திருக்கு. டொக்டரிட்டைச் சொல்லுங்கோ. எனக்குத் தெரியாது, சத்தியமாத் தெரியாது. மா நான் கலக்கிறேல்லை, என்ர அக்காதான் பிறம்ரனிலயிருந்து கலந்து அனுப்புறவ. அவ எனக்குச் சொல்லாமல் போட்டிட்டா. எனக்குத் தெரியாது தங்கச்சி."

நான் பக்கத்தில் நின்றேன். பிள்ளைக்கு என்ன ஆனது என்பதைத் தவிர வேறு எதையும் நான் அப்போது யோசிக்கவில்லை. அவளும் யோசித்திருக்க மாட்டாள்.

பிள்ளையை ஆஸ்பத்திரியில் ஓர் இரவு வைத்துப் பார்த்தார்கள். திங்கள் காலை ஒன்பதரைக்குத் தாயிடமிருந்து செய்தி வந்தது: "வீட்டை வந்திட்டம். பிள்ளை சோபாவில இருந்து கார்ட்டூன் பாக்கிறா." மனைவி குசினிக் கதிரையில் இருந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு செய்தி வந்தது. "நான் உங்களிட்டை இரண்டு தரம் கேட்டனான் அக்கா." அதற்குப் பிறகு அவர் எங்களுக்கு எதுவும் எழுதவில்லை. வழக்குப் போடவில்லை. யாரிடமும் எங்களைத் திட்டியதாகவும் நான் கேள்விப்படவில்லை.

அன்று லீவு போட்டுவிட்டு அந்தக் கிழமை கேக் வாங்கிய எல்லோருக்கும் நான் அழைப்பு எடுத்தேன். முப்பத்தொரு பெட்டி. பெரும்பாலானவர்கள் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். "முடிஞ்சுது அண்ணை, இனி என்னத்தைத் திருப்பித் தாறது?" என்றார் ஒருவர். மார்க்கமில் இருக்கும் ஒரு வயதான அங்கிள் நிதானமாகக் கேட்டுவிட்டு, "கஜுவோ? அதைச் சொல்லி வித்திருந்தால் இன்னும் அஞ்சு டொலர் கூட வாங்கியிருக்கலாம்" என்றார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும், "பகிடிக்குச் சொன்னனான் தம்பி. பிள்ளைக்கு இப்ப சுகமோ?" என்று கேட்டார்.

இருபத்திரண்டு செக்கன் குரல் எப்படிப் பயணம் செய்தது என்பதைப் பின்னர் ஓரளவு கண்டுபிடித்தேன். தாய் அதை ஆஸ்பத்திரியில் டொக்டருக்குக் காட்டச் சொல்லிக் கணவனுக்கு அனுப்பினார். கணவன் தன் தங்கைக்கு அனுப்பினான். தங்கை, பிள்ளைகளுக்கு ஒவ்வாமை உள்ள தாய்மாரின் குழு ஒன்றில் எச்சரிக்கையாகப் போட்டாள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. திங்கட்கிழமை மத்தியானத்துக்குள் அது பிறம்ரனுக்குப் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை சுகாதாரப் பகுதி அதிகாரி வந்தார். மரியாதையான மனிதர். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அலுமாரிகளைத் திறந்து பார்த்தார், கேள்விகள் கேட்டார், பதில்களை எழுதினார். மாக்கலவை எங்கே தயாராகிறது என்று கேட்டபோது மனைவி என்னைப் பார்த்தாள். நான் அதிகாரியின் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அக்காவின் வீட்டு விலாசத்தைச் சொன்னாள். ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கத்து அதிகாரி ஒருவர் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார். அக்கா விற்றவ அல்ல. தன் வீட்டில் மா அரித்தவ. ஆனால் பதிவு இல்லாத குசினியிலிருந்து விற்பனைக்கு உணவு போனது என்பது சட்டப்படி உண்மை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அந்த நாலைந்து நாளும் மனைவி எடுத்த அழைப்புகளை அக்கா எடுக்கவில்லை. சனிக்கிழமை காலை நாங்கள் இருவரும் பிறம்ரனுக்குப் போனோம். நெடுஞ்சாலை ஓரம் பனி கறுத்துக் கிடந்தது. லொறிகளுக்கு நடுவில் முக்கால் மணித்தியாலம். மனைவி மடியில் வெறும் கையை வைத்திருந்தாள். அக்கா வீட்டுக்கு அவள் எதுவும் கொண்டுபோகாமல் போனது அதுதான் முதல் தடவை. எதைக் கொண்டுபோவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கதவைத் திறந்த அக்கா எங்கள் இருவரையும் பார்த்தா.

"வாங்கோ. இருங்கோ."

என்னை அவ எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவா, நான் தங்கை புருஷன். ஆனால் தங்கையை அவ 'எடி' என்றும் 'நீ' என்றும் தவிர வேறு விதமாகக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மனைவி சோபாவின் ஓரத்தில் இருந்தாள். அக்கா தேத்தண்ணி போடப் போனா. குசினியிலிருந்து கேட்டா:

"சீனி போடுறனீங்களோ?"

கேள்வி என்னிடம் இல்லை. மனைவி குசினிப் பக்கம் பார்த்தாள். பிறகு, "ஒரு கரண்டி" என்றாள்.

தேத்தண்ணியை வைத்துவிட்டு அக்கா எதிரே இருந்தா. கைபேசியை எடுத்து, கண்ணாடியைப் போட்டு, தேடி, மேசையில் வைத்து அழுத்தினா. என் மனைவியின் குரல் அந்த அறைக்குள் கேட்டது. இருபத்திரண்டு செக்கனும் ஓடியது. 'எனக்குச் சொல்லாமல் போட்டிட்டா' என்ற இடத்தில் அக்கா கோப்பையைத் தூக்கி ஒரு வாய் குடித்தா.

"ஆறு பேர் அனுப்பினவை," என்றா. "ஆரெண்டு எனக்கே தெரியாத ஒருத்தி கேக்கிறாள், அன்ரி, உது உங்களைப் பற்றியோ எண்டு."

"அக்கா, நான் அந்த நேரம் பதறிப்போய்..."

"பதறேக்க வாறதுதானே உண்மை."

"பிள்ளை சாகக் கிடந்தது அக்கா."

"ஓம். அதுக்கு நான் அழுதனான். ரெண்டு நாள் சாப்பிடேல்லை. ஆரின்ர பிள்ளை எண்டாலும் பிள்ளைதானே." அக்கா கண்ணாடியைக் கழற்றினா. "சொல்லாமல் போட்டது நான்தான். இல்லையெண்டு சொல்லேல்லை. நீங்கள் என்னட்டை ஒருக்கால் எண்டாலும் கேட்டனீங்களோ?"

"கேட்டிருந்தால் சொல்லியிருப்பியளோ?"

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். பதிலை யோசித்துத்தான் சொன்னா.

"அது எனக்குத் தெரியாது," என்றா. "கேட்டிருந்தாலெல்லோ தெரியும்."

மனைவி மன்னிப்புக் கேட்டாள். 'மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா' என்ற முழு வசனமாகக் கேட்டாள். எங்கள் வீடுகளில் அப்படி யாரும் கேட்பதில்லை. சாப்பிடக் கூப்பிடுவோம், அல்லது சமைத்துக் கொண்டுபோய்க் கொடுப்போம், அது முடிந்துபோகும். வாய்விட்டுக் கேட்டதும் அந்த இடம் இன்னும் இறுகியது. அக்கா, "அதுக்கென்ன" என்றா. கொஞ்ச நேரம் கழித்து மனைவி இன்னொன்றும் கேட்டாள். இதைக் கேட்காமல் விட்டிருக்கலாம்.

"இனி மா நானே கலக்க வேணுமாம். ஒரு றாத்தலுக்கு எவ்வளவு கஜு போடுறனீங்கள்?"

"உங்களுக்கு எவ்வளவு வேணுமோ போடுங்கோ," என்றா அக்கா. "உங்கட கேக்தானே."

திரும்பி வரும்போது பாதி வழியில் மனைவி கேட்டாள்:

"நான் சொன்னதில என்ன பிழை? எனக்குத் தெரியாதுதானே. அவ சொல்லேல்லைத்தானே."

அவள் பேசியதை மனதுக்குள் மறுபடி ஓட்டிப் பார்த்தேன். வசனம் வசனமாகப் பார்த்தால் பொய் ஒன்றும் இல்லை.

"ஒரு சொல்லும் பிழையில்லை," என்றேன்.

"அப்ப?"

நான் கண்ணாடியில் பின்னால் வரும் லொறியைப் பார்த்து வழி விட்டேன். 

சித்திரை முழுக்க அவள் கேக் அடித்துப் பார்த்தாள். கஜுவைக் குறைத்து, கூட்டி, வறுத்து, வறுக்காமல். பதின்மூன்று கேக். முதல் சில காய்ந்து உதிர்ந்தன. ஒன்று எண்ணெய் கக்கியது. பதின்மூன்றாவதை வெட்டி எனக்கு ஒரு துண்டு தந்தாள். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவள் வாயில் போட்டு மென்று, விழுங்கி, "இல்லை" என்றாள். ஆனால் அந்த அளவைத்தான் எழுதி வைத்தாள். லேபிளில் முதல் வரியே இப்போது கஜு. நான்தான் எழுதினேன், தடித்த எழுத்தில்.

வைகாசியில் மறுபடி விற்கத் தொடங்கினாள். முதல் கிழமை நாலு ஓடர். ஆடி மாதத்துக்குள் பழைய எண்ணிக்கைக்கு வந்துவிட்டது. பழைய வாடிக்கையாளர்கள் பலர் திரும்பி வந்தார்கள். "அதே ருசி அன்ரி" என்றார்கள். ஒருத்தி, முந்தியதைவிட நல்லாயிருக்கு என்றாள். மனைவி ஒவ்வொரு முறையும் "தாங்ஸ் பிள்ளை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். சாத்திய பிறகு கொஞ்ச நேரம் கதவடியிலேயே நிற்பாள்.

அக்காவோடு சண்டை என்று சொல்ல முடியாது. பிறந்தநாளுக்குச் செய்தி வரும், பூப் படத்தோடு. இவளும் பூப் படம் அனுப்புவாள். செத்தவீடு ஒன்றில் சந்தித்தபோது இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, காலநிலையைப் பற்றியும் முழங்கால் நோவைப் பற்றியும் கதைத்தார்கள். அக்கா, "நீங்கள் மெலிஞ்சு போனியள்" என்றா.

புரட்டாதிக்கு முன் அக்காவின் மகளுக்குக் கல்யாணம் சரிவந்தது. அந்தப் பிள்ளை சின்ன வயதில் பாடசாலை விடுமுறையை எங்கள் வீட்டில்தான் கழித்தவள், என் மனைவியைச் சின்னம்மா என்று கூப்பிடுகிறவள். கல்யாண அட்டை தபாலில் வந்தது. முத்திரை ஒட்டி, எங்கள் விலாசம் அச்சடித்த உறையில். அக்காவின் மூத்த மகன் கல்யாணத்துக்கு அக்காவும் அத்தானும் தட்டோடு வந்து, குங்குமம் வைத்து, கையில் தந்துவிட்டுப் போனார்கள். மனைவி அட்டையை இரண்டு தரம் வாசித்தாள். பிறகு தலைமாட்டு மேசையில் வைத்தாள்.

கல்யாணத்தன்று காலையில் தாலிகட்டு றிச்மண்ட் ஹில் கோயிலில் நடந்தது. நாங்கள் போனோம். ஆசீர்வாதத்துக்கு வரிசையில் நின்று அறுகரிசி போட்டோம். மணப்பெண் குனிந்து என் மனைவியைக் கட்டிப் பிடித்து, "சின்னம்மா, பின்னேரம் வருவியள்தானே?" என்றாள். அக்கா பக்கத்தில் நின்று, "வாங்கோ, கட்டாயம் வாங்கோ" என்றா. பட்டுச் சேலையில் அவ முகம் வியர்த்திருந்தது. மனைவி கைலேஞ்சியை எடுத்து நீட்டினாள். அக்கா வாங்கி நெற்றியைத் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தா.

பின்னேர வரவேற்பு ஒரு மண்டபத்தில். வாசலில் பெரிய கண்ணாடிப் பலகையில் விருந்தினர் பெயர்களும் மேசை இலக்கங்களும் எழுதியிருந்தன. மனைவி கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழாக வாசித்தாள். மேடைக்கு முன்னால் ஒன்று தொடக்கம் ஐந்து வரை பெற்றோர், மாமன் மாமி, பெரியப்பா பெரியம்மா என்று நிரம்பியிருந்தது. அதற்குப் பிறகு மாப்பிள்ளையின் வேலைத்தல நண்பர்கள், அயலவர்கள். எங்களுடைய மேசை இருபத்தைந்து. மண்டபத்தில் மொத்தம் இருபத்தாறு மேசைகள்.